குடித்து விழுந்தவருக்கு அரசுக் கட்டில்: கொடுக்கலாமா, கூடாதா?

கோட்டாறு கணக்கர் (சனி, இரவு 9.40)

சென்ற வாரம் என் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டாள். வயது 74. மாவட்டத்தில் உள்ள ஓர் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். கட்டில் காலியில்லை. நாலரை மணி நேரம் தள்ளுவண்டியிலேயே கிடந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கிறார்களே என்று சேலையை இழுத்து மூடிக்கொண்டு, கண்ணைத் திறக்காமல் கிடந்தாள்.

எதிர்க் கட்டிலில் ஒருவர். நாற்பது வயது இருக்காது. இரத்த வாந்தி. குடிதான் காரணம், இது நாலாவது தடவை என்று அங்கிருந்த பணியாளர் சொன்னார். இரண்டு செவிலியர், ஒரு பயிற்சி மருத்துவர், தொங்கவிட்ட இரத்தப் பை, எல்லாம் அவருக்கே. என் அம்மா வாழ்நாளில் யாருக்கும் பாரமாக இருந்தவள் இல்லை.

நான் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவன். பொதுப்பணத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா? முதல் தடவை பார்க்கட்டும், அது மனிதத்தன்மை. தானே தேடிக்கொண்ட நோய்க்கு நாலாவது தடவையும் என் வரிப்பணமா? கோபத்தில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எனக்கு இதற்குப் பதில் வேண்டும்.

பனைவிளை (சனி, இரவு 10.05)

அண்ணாச்சி, நீங்கள் கேட்டது நியாயம். என் அப்பா பனையேறி. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள். ஒரு விரல் சுண்ணாம்புதான் நடுவே நிற்கிறது. நாற்பது வருடம் மரம் ஏறியவர், ஒரு நாள்கூட அந்தச் சுண்ணாம்பை மறக்கவில்லை. விழுந்து முதுகு போன பிறகும் வலிக்கென்று குடித்ததில்லை. வறுமை, உடம்பு வலி, சூழ்நிலை என்று யாராவது காரணம் சொன்னால் எனக்கு அப்பாவின் முகம்தான் நினைவுக்கு வருகிறது.

என் யோசனை இது. முதல் முறை இலவசம். மறுபடி குடித்துவிட்டு வந்தால் செலவில் பாதியைக் கட்டட்டும். கட்ட வேண்டும் என்ற பயம் இருந்தால்தான் கை பின்வாங்கும்.

தக்கலை வக்கீல் (சனி, இரவு 10.50)

சட்டம் என்ன சொல்கிறது என்பதை மட்டும் முதலில் வைக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய்க்குத் தரும் வரையறையிலேயே மது, போதைப்பொருள் பயன்பாட்டால் வரும் மனநிலைகளும் அடங்கும். அதே சட்டத்தின் 18ஆம் பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமை ஆக்கியிருக்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர் அதற்கான அட்டை இல்லாமலே இலவச சிகிச்சை கேட்கலாம். எத்தனையாவது முறை என்ற கேள்வி அந்தப் பிரிவில் எங்கும் இல்லை.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் எவ்வளவு கடுமையானது என்று எல்லோருக்கும் தெரியும். அதிலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. சிறிய அளவோடு பிடிபட்ட போதை அடிமை, தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பாதியில் விட்டுவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்ப எடுக்கவும் வழி உண்டு. கடுமையான சட்டம்கூட இவர்களுக்கு மருத்துவமனை வாசலைத்தான் காட்டுகிறது.

பாதிக் கட்டணம் பற்றி ஒரு கேள்வி. யாரிடம் வாங்குவீர்கள்? தனியார் மருத்துவக் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து விலக்குப் பட்டியலைப் பாருங்கள். குடி, போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையும் அவற்றால் வரும் விளைவுகளும் அங்கே நிற்கும். காப்பீடு ஒரு கதவை மூடுகிறது. அரசும் மூடினால் அந்த வீட்டில் எஞ்சியிருக்கும் தாலிச் சங்கிலியிடம்தான் கேட்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் முன்பே அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

ஓய்வுபெற்ற செவிலி (ஞாயிறு, காலை 6.15)

முப்பத்தொரு வருடம் வார்டில் நின்றவள் நான். கணக்கர் தம்பி, உங்கள் அம்மாவை நினைத்து வருந்துகிறேன். தள்ளுவண்டியில் படுத்திருக்கும் ஒரு தாயின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் குடிக்கிறவரைத் தனியாகப் பிரித்துக் கட்டணம் போட்டால் வார்டில் என்ன நடக்கும் என்று சொல்கிறேன். எலும்பு முறிவு வார்டில் பைக் விபத்தில் கால் உடைந்த ஒருவர் சேர்கிறார். குடிப்பழக்கம் உண்டா என்று கேட்போம். மனைவி பக்கத்தில் நின்று "இல்லை சிஸ்டர்" என்பாள். திட்டுவார்களோ, திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கத் தொடங்கும். வலியால் நடுங்குகிறார் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம். மறுநாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். மூன்றாம் நாள் இரவு அவர் போர்வையில் பூச்சி பொறுக்கத் தொடங்குவார். அங்கே பூச்சியே இருக்காது. ட்ரிப் ஊசியைப் பிடுங்கி எறிவார், உடைந்த காலோடு எழுந்து ஓடப் பார்ப்பார். காய்ச்சல் ஏறும், நாடி தறிகெட்டு ஓடும். குடியை உடம்பு திடீரென்று இழப்பதால் வரும் சன்னி அது. கவனிக்காமல் விட்டால் உயிர் போகும். நான் பார்த்திருக்கிறேன்.

முதல் நாளே உண்மையைச் சொல்லியிருந்தால் நடுக்கத்துக்குரிய மாத்திரையை அளவாகக் கொடுத்து, தயமின் ஊசி போட்டு, நிம்மதியாகத் தூங்க வைத்திருக்கலாம். தயமின் என்பது வைட்டமின் பி1தான், விலை குறைவு. அதைப் போடாமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் குடிநோயாளியின் மூளை கெட்டுப்போகவும் கூடும். இவ்வளவும் அந்த ஒரு கேள்விக்கு மனைவி சொல்லும் பதிலில் இருக்கிறது. நீங்கள் கட்டணம் என்று பலகை வைத்தால் எல்லா மனைவிமாரும் "இல்லை" என்றுதான் சொல்வார்கள்.

இன்னொன்று. எதிர்க் கட்டிலில் இரத்த வாந்தி எடுத்தவருக்குக் கல்லீரல் சுருங்கி, உணவுக்குழாயில் இரத்தக் குழாய் வீங்கி வெடித்திருக்கும். எண்டோஸ்கோப் விட்டு வளையம் போட வேண்டும், இரத்தம் ஏற்ற வேண்டும், தீவிர சிகிச்சையில் வைக்க வேண்டும். செலவு அங்கேதான் இருக்கிறது. குடியை நிறுத்த உதவும் சிகிச்சைக்கு ஆகும் செலவு இதன் பக்கத்தில்கூட வராது. நாம் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம். வாலைப் பிடிக்கத்தான் பணம் கொட்டுகிறது.

பனைவிளை (ஞாயிறு, காலை 8.30)

அக்கா சொல்வதை மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. எல்லாவற்றையும் நோய் என்று சொல்லிவிட்டால் குடிக்கிறவனுக்குப் பொறுப்பே இல்லையா? என் பக்கத்து வீட்டில் ஒருவன் பிள்ளையின் பள்ளிப் புத்தகப் பையை விற்றுக் குடித்தான். அந்தப் பிள்ளையிடம் போய் உன் அப்பாவுக்கு நோய் என்று நான் எப்படிச் சொல்வேன்?

பால்வெட்டு வீட்டுக்காரி (ஞாயிறு, பிற்பகல் 2.20)

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

எங்கள் ஊர் குலசேகரத்துக்கு மேலே. என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறவர். விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். அதனால் மூன்றரை மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்புவார். நல்ல வெட்டுக்காரர் என்று பெயர் எடுத்தவர். அவர் வெட்டிய மரத்தைத் தடவிப் பார்த்தால் பட்டை வழுவழுவென்று இருக்கும்.

வெட்டுக்கத்தி பட்டையோடு நிற்க வேண்டும். ஒரு நூல் ஆழமாகப் போனால் தடியில் பட்டுவிடும். அந்த இடத்தில் பிறகு பட்டை சரியாக வளராது, முண்டு முண்டாகத் தடித்துவிடும். ஐந்து வருடத்துக்கு முன்பு ஒரு நாள் தோட்டத்து முதலாளி என்னைக் கூப்பிட்டு வரிசையாக மரங்களைக் காட்டினார். எல்லாவற்றிலும் காயம். என் வீட்டுக்காரரின் கை எழுதிய எழுத்துப் போலவே இருந்தது அது. நடுங்கி நடுங்கி.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர் ஏன் மூன்று மணிக்கே எழுந்து அடுக்களைக்குப் பின்னால் போகிறார் என்று. முந்தின இரவு மிச்சம் வைத்ததைக் குடித்தால்தான் கை நிற்கும். கை நின்றால்தான் வெட்ட முடியும். வெட்டினால்தான் வீட்டில் அரிசி. "சுகத்துக்குக் குடிக்கிற காலம் போய்விட்டது" என்று ஒரு நாள் அவரே சொன்னார். தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக் குனிந்து உறிஞ்சுவார். பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்காருவார்.

அரசு மருத்துவமனையில் பன்னிரண்டு நாள் சேர்த்தேன். குறையே சொல்ல மாட்டேன். மருத்துவர் அவரைத் திட்டவில்லை. பன்னிரண்டாம் நாள் ஒரு கையால் குவளையைப் பிடித்துக் குடித்தார். துணைக்கு இருந்த நாங்கள் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

இரண்டு வார மாத்திரை தந்து, மறுபடி வரச் சொன்னார்கள். வார நாளில், காலையில். பால் வெட்டி, சிரட்டையிலிருந்து எடுத்து ஊற்றி முடிக்கப் பதினோரு மணி ஆகிவிடும். இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேரும்போது சீட்டு கொடுக்கும் இடம் மூடியிருக்கும். போக வேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை விட வேண்டும். எனக்குப் பஸ்ஸில் டிக்கெட் கிடையாது, அவருக்கு உண்டு. முதல் தடவை போனோம். இரண்டாம் தடவை போனோம். மூன்றாம் தடவை மழைக்குப் பிறகு வெட்டுத் தொடங்கிய வாரம், போகவில்லை. நாலாம் தடவை மாத்திரையே இல்லை. ஓண விடுமுறையில் எல்லை தாண்டி வந்த நண்பர்களோடு உட்கார்ந்தார்.

பனைவிளை அண்ணன், உங்கள் அப்பாவை நான் கும்பிடுகிறேன். ஆனால் என் வீட்டுக்காரருக்குப் பொறுப்பு இல்லை என்று நினைக்காதீர்கள். பொறுப்பை நிறைவேற்றத்தான் அவர் விடியற்காலை குடித்தார். இதை உங்களுக்குப் புரியவைக்க எனக்குச் சொல் கிடைக்கவில்லை.

என் மாமியாருக்குச் சர்க்கரை. மாதம்தோறும் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதே வீட்டில், அதே திண்ணையில் இவர் உட்கார்ந்திருக்கிறார். இவருக்கு மட்டும் இரண்டு பஸ்.

தூத்தூர் கடல் (ஞாயிறு, மாலை 4.00)

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். என் மச்சான் படகில் போனவர்களில் அவர் ஒருவர்தான் உயிரோடு திரும்பினார். அதற்கு முன்பு பெருநாளுக்குக் குடிப்பார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு தூங்குவதற்காகக் குடித்தார். அதிகாரிகள் வந்தார்கள், படிவம் நிரப்பினார்கள். உனக்கு இரவில் தூக்கம் வருகிறதா என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்போது கல்லீரல் போய்ப் படுத்திருக்கிறார். தானே தேடிக்கொண்ட நோய் என்று இவரைப் பற்றியும் சொல்வீர்களா?

தக்கலை வக்கீல் (ஞாயிறு, மாலை 5.10)

பால்வெட்டு வீட்டுக்காரி அக்கா சொன்ன சர்க்கரை மாத்திரை 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்'. அந்த ஒப்பீட்டை யாரும் எளிதாகத் தாண்டிப் போகக்கூடாது.

எய்ம்ஸ் மருத்துவமனையின் போதை சிகிச்சை மையம் நாடு முழுவதும் ஆய்வு நடத்தி 2019இல் அறிக்கை வெளியிட்டது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு உதவியோ சிகிச்சையோ பெற்றிருக்கிறார். உள்நோயாளியாகச் சேர்ந்தவர் 180 பேருக்கு ஒருவர். இவர்கள் கட்டிலையெல்லாம் பிடித்துக்கொண்டார்கள் என்று நாம் இங்கே சண்டை போடுகிறோம். குடிக்கான கட்டிலில் அவர்கள் படுக்கவே இல்லை.

வரிப்பணம் பற்றியும் பேசிவிடலாம். 2003 முதல் இந்த மாநிலத்தில் மதுவைச் சில்லறையில் விற்பது அரசின் டாஸ்மாக். 2023-24 நிதியாண்டில் அதன் மூலம் அரசுக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தப் பெட்டியில், நான் வழக்கு நடத்தும் கட்சிக்காரர்களின் கூலி எவ்வளவு விழுந்தது என்று எனக்குத் தெரியும். குடிக்கிறவர் நம் பணத்தில் சிகிச்சை பெறுகிறார் என்று சொல்லும்போது, அவர் பணத்தில் நாம் எதையெல்லாம் பெற்றோம் என்பதையும் எழுத வேண்டும். அரசியல் சாசனத்தின் 47ஆம் பிரிவு பொதுச் சுகாதாரத்தை உயர்த்துவதையும் மதுவிலக்குக்கு முயல்வதையும் ஒரே மூச்சில் அரசின் கடமையாகச் சொல்கிறது.

நம் மாவட்டத்துக்காரர்கள் மறக்கக்கூடாத ஒரு பெயர் சசிபெருமாள். சேலத்துக் காந்தியவாதி. 2015 ஜூலை 31 அன்று மார்த்தாண்டம் அருகே உண்ணாமலைக்கடையில், ஒரு மதுக்கடையை அகற்றக் கோரிச் செல்பேசிக் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது உயிர்விட்டார். நம் மண்ணில் நடந்தது அது.

பனைவிளை (ஞாயிறு, இரவு 7.45)

அக்கா எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். மரத்தில் இருந்த காயத்தைப் படித்தபோது கொஞ்ச நேரம் எழுந்து வெளியே போய்விட்டேன். என் அப்பாவும் கையை நம்பிப் பிழைத்தவர்தான்.

பாதிக் கட்டணம் வேண்டும் என்பதை நான் இன்னும் விடவில்லை. ஆனால் வாங்க வேண்டிய ஆளை மாற்றிக்கொள்கிறேன். விற்றவர் கட்டட்டும். ஒவ்வொரு பாட்டிலிலும் இவ்வளவு என்று எடுத்துத் தனியாக வைத்து, அதிலிருந்து செலவழிக்கட்டும். குடிக்காதவரின் வரியைத் தொட வேண்டாம்.

தக்கலை வக்கீல் (ஞாயிறு, இரவு 8.05)

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அதற்கு ஓரளவு நெருங்கிய ஏற்பாடு உண்டு. கேரளத்தில் மதுவை ஒழுங்குபடுத்தும் கலால் துறையே 'விமுக்தி' என்ற பெயரில் அரசு மருத்துவமனைகளில் போதை மீட்பு மையங்களை நடத்த வைக்கிறது. இங்கே 2025இல் 'கலங்கரை' என்ற பெயரில் 25 இடங்களில் மையங்களைத் தொடங்கினார்கள். நல்லது. குலசேகரத்து மலையிலிருந்து இரண்டு பஸ் ஏறாமல் போகக்கூடிய தூரத்துக்கு அது எப்போது வரும் என்பதைத்தான் நாம் சேர்ந்து கேட்க வேண்டும்.

ஆறு வருடம் (ஞாயிறு, இரவு 9.30)

என் பெயரே இங்கே என் கணக்கு. குடியை விட்டு ஆறு வருடம் நாலு மாதம்.

நான் ஐந்து தடவை சிகிச்சை எடுத்தவன். கணக்கர் அண்ணாச்சி நாலாவது தடவையில் நிறுத்தியிருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். முதல் நாலும் வீண் என்றும் நினைக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் குடிக்காமல் இருந்த நாட்கள் கொஞ்சம் கூடின. 9 நாள், பிறகு 40 நாள், பிறகு ஏழு மாதம். சர்க்கரை நோயாளிக்கு அளவு ஏறினால் மாத்திரையை மாற்றிக் கொடுக்கிறார்கள். வீட்டுக்குப் போ என்று சொல்வதில்லை.

இரண்டாவது தடவை அரசு மருத்துவமனை இல்லை. 'மறுவாழ்வு இல்லம்' என்று பெயர் வைத்த ஒரு தனியார் இடம். அண்ணன் நிலத்தை ஒற்றி வைத்துப் பணம் கட்டினார். அங்கே மருத்துவர் இல்லை. நடுக்கம் வந்த அன்று ஜன்னல் கம்பியில் கட்டிப்போட்டார்கள். வலிப்பில் நாக்கைக் கடித்துக்கொண்டேன். இன்றும் உப்பு பட்டால் அந்த இடம் எரியும். அரசு கதவை மூடினால் திறந்திருப்பது இந்தக் கதவுதான். இதைப் பட்டவன் சொல்கிறேன்.

ஐந்தாவது தடவை பிழைத்ததற்குக் காரணம் மருந்து மட்டும் இல்லை. வார்டை விட்டு வந்த அன்று மாலையே ஒருவர் என்னை ஏ.ஏ. கூட்டத்துக்கு, அதாவது குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு, அழைத்துப் போனார். அங்கே பணமும் இல்லை, பெயரும் இல்லை. மாத்திரை வாங்கப் போகும் நாளில் அவரே பைக்கில் வந்து நின்றார். ஒன்பது மாதம் வந்து நின்றார்.

கோட்டாறு கணக்கர் (ஞாயிறு, இரவு 10.40)

அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. இன்று மாலை கஞ்சி கொண்டுபோனபோது அந்த எதிர்க் கட்டில்காரரின் மனைவி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். இங்கே எழுதியதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு அவளிடம் பேசினேன்.

நாலு தடவை சேர்த்ததற்கான சீட்டுகளையும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறாள். நான் கணக்கு எழுதுகிறவன், காகிதம் பார்க்கத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வயிறு, இரத்தம், கல்லீரல். ஒன்றில்கூட மனநலப் பிரிவுக்கு அனுப்பியதாக இல்லை. ஒன்றில்கூட குடியை நிறுத்துவதற்கான மாத்திரை இல்லை. "குடிக்கக் கூடாது" என்று எழுதியிருக்கிறது, அடியில் கோடு போட்டு.

நாலு தடவை குடிக்கு வைத்தியம் பார்த்தும் திருந்தாதவர் என்று நினைத்துத்தான் நான் இங்கே எழுதினேன். ஒரு தடவைகூட அவருக்குக் குடிக்கு வைத்தியம் பார்க்கப்படவில்லை. வரவே இல்லாத ஒன்றை நான் செலவாக எழுதியிருக்கிறேன்.

அம்மா தள்ளுவண்டியில் கிடந்த நாலரை மணி நேரத்தை நான் மன்னிக்கவில்லை. கட்டில் போதாது என்று இனியும் கேட்பேன், மனுவும் எழுதுவேன். ஆனால் அதை அந்த மனிதரின் மேல் எழுதியது தவறு. செவிலி அக்கா, அந்தப் பெண் நாளை மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்? சரியான சொல்லைச் சொல்லுங்கள், எழுதிக் கொடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி (திங்கள், காலை 5.50)

தம்பி, இப்படி எழுதிக் கொடுங்கள்: "இவரைக் குடிநோய் சிகிச்சைக்காக மனநலப் பிரிவுக்குப் பரிந்துரை செய்யுங்கள். கல்லீரல் கெட்டிருப்பதால் அதற்கேற்ற மருந்தைத் தீர்மானியுங்கள்." இரண்டாவது வரியை விட்டுவிட வேண்டாம். குடியை நிறுத்தும் மருந்துகளில் எல்லாமே கல்லீரல் கெட்டவருக்குக் கொடுக்கக்கூடியவை அல்ல.

பால்வெட்டு வீட்டுக்காரி, உனக்கும் ஒன்று. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் வருவார். உன் ஊருக்குப் பக்கத்தில் எந்தக் கிழமை என்று சீட்டு கொடுக்கும் இடத்தில் கேள். பழைய சீட்டைக் கையோடு கொண்டுபோ. 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இரவிலும் பேசலாம், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை.

ஆறு வருடம் (திங்கள், காலை 6.30)

அக்கா, நான் திருவட்டாறு பக்கம்தான். அந்தக் கிழமை தெரிந்ததும் இங்கே எழுதுங்கள். பைக்கில் வந்து அவரை அழைத்துப் போகிறேன், கூட்டிக்கொண்டு வந்து விடுகிறேன். வெட்டு முடிந்த பிறகு கிளம்பினால் போதும், வரிசையில் முன்னதாகவே நான் போய் நின்றுகொள்கிறேன்.

பால்வெட்டு வீட்டுக்காரி (திங்கள், இரவு 8.10)

கேட்டுவிட்டேன். வியாழன் என்றார்கள்.

இங்கே எழுதியதை எல்லாம் இவருக்கு வாசித்துக் காட்டினேன். சுண்ணாம்பு பற்றிப் பனைவிளை அண்ணன் எழுதியதை மறுபடி வாசிக்கச் சொன்னார். பிறகு பழைய சீட்டு எங்கே என்று அவரே தேடினார். அரிசிப் பானைக்குக் கீழே வைத்திருந்தேன், எடுத்துக் கொடுத்தேன். வியாழன் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் வருகிறோம். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில் நிற்போம், தம்பி. அவர் நீலக் கோடு போட்ட சட்டை போட்டிருப்பார்.